ஏழைகளின் படகு

 

வெள்ளிக்கிழமை தோறும் நம் வீடுகளில் ஓதப்படும் கஹ்ஃபு சூராவில் ஒரு படகு வருகிறது. ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் அதில் ஏறிச் செல்கிறார்கள். படகுக்காரர்கள் கூலிகூட வாங்காமல் ஏற்றிக்கொண்டார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். அப்படிப்பட்டவர்களின் படகிலே ஹிள்ரு (அலை) அவர்கள் ஒரு பலகையைப் பெயர்த்து விட்டார்கள். மூஸா (அலை) அவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். உபகாரம் செய்தவருக்கு இப்படியும் கேடு செய்யலாமா?

காரணம் பின்னால் விளங்கியது. அந்தப் படகு கடலில் உழைத்துப் பிழைக்கும் மிஸ்கீன்களுடையது. அவர்களுக்கு அப்பால் ஒரு கொடிய அரசன், நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தான். பழுதுபட்ட படகை அவன் தொடமாட்டான். ஆகவே, கெடுத்தது போலத் தோன்றிய அந்தச் செயல் உண்மையில் காத்த செயலாகும். ஏழையின் படகு களவு போகாமல் காப்பதற்கென்றே வல்ல நாயன் தன் நல்லடியாரை அனுப்பினான் என்றால், அந்தப் படகின் மதிப்பு என்ன என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்!

இந்த வசனத்திலிருந்து ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் ஒரு சட்டத்தையும் எடுத்தார்கள். படகுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தும் அவர்களை அல்லாஹ் மிஸ்கீன்கள் என்றே அழைத்திருக்கிறான். எனவே கையில் தொழில் கருவி ஒன்று இருப்பதால் மட்டும் ஒருவன் செல்வனாகிவிட மாட்டான். படகு இருக்கும்போதே அவன் மிஸ்கீன். அந்தப் படகும் போய்விட்டால் ஒன்றுமே இல்லாத ஃபக்கீர் ஆகிவிடுகிறான். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு கயிறும் ஒரு பூட்டும்தான்.

இதை நான் பழவேற்காட்டுக் கரையில் கண்ணாரக் கண்டேன். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைத் தாண்டி இருக்கிறது அவ்வூர். ஏரிக்கரையில் ஒரு மீனவப் பெரியவர் எஞ்ஜின் இல்லாத படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். “என்னண்ணே, தொழிலுக்குப் போகவில்லையா?” என்று கேட்டேன்.

“எங்கே பாய் போறது? ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன். மூணாம் நாள் வந்து பார்த்தா படகு இருக்கு, எஞ்ஜின் இல்லை. எஞ்ஜின்தான் போச்சு, தவணை போகலையே!” என்றார்.

“காவலுக்கு யாரையும் சொல்லி வைக்கவில்லையா?”

“ஆண்டவன் பாத்துக்குவான்னு விட்டுட்டேன் பாய். ராத்திரி ஒரு வண்டி வந்து நின்னதைப் பாத்தவங்க இருக்காங்க. நமக்கென்னன்னு போயிட்டாங்க.”

அன்புடையீர்! அந்தப் பெரியவர் சொன்ன இரண்டு சொற்களும் வீடு திரும்பும் வரை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. ஒன்று, ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்பது. மற்றது, ‘நமக்கென்ன’ என்பது. நம் மார்க்கம் இவ்விரண்டுக்கும் என்ன சொல்கிறது?

முதலாவதற்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் எம்பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாக, அனஸ் (ரலி) அவர்களின் வாயிலாக திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. இரவில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை அடைக்கும்படியும் அண்ணலார் (ஸல்) நமக்குக் கற்றுத் தந்தார்கள். கதவை அடைப்பது கையின் வேலை. பெயரைச் சொல்வது நாவின் வேலை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சுன்னத்தில் பாதியை விட்டவர்களாவோம். கட்டாமல் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் வைப்பது சோம்பலுக்குச் சாத்திய பட்டாடையே அன்றி வேறென்ன?

நம் பிக்ஹு நூல்கள் ‘ஹிர்ஸ்’ என்றொரு சொல்லை ஆள்கின்றன. காப்பிடம் என்பது அதன் பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் ஊர் வழக்கப்படி அதற்கேற்ற காப்பிடம் உண்டு. பணத்துக்குப் பெட்டி, ஆடு மாடுகளுக்குக் கொட்டில். அப்படியானால் கரையில் நிற்கும் படகுக்கு எது காப்பிடம்? கழற்றக்கூடிய எஞ்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். கழற்ற முடியாததானால், எது இல்லாமல் அது ஓடாதோ அந்தச் சிறு உறுப்பையாவது எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஹிள்ரு (அலை) அவர்கள் பெயர்த்த பலகை கற்றுத் தரும் பாடமும் அதுதானே! கயிற்றை அறுக்கக் கத்தி போதும். சங்கிலியை அறுக்க நேரமும் சத்தமும் வேண்டும். எஞ்ஜின் எண்ணையும் படகின் பதிவு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, வாங்கிய ரசீதோடு வீட்டுப் பெட்டியில் வையுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஓர் அடையாளமும் கீறி வையுங்கள். போலீசில் புகார் கொடுக்கும் நாளில் கண்ணீரைவிட அந்தக் காகிதம் அதிகம் பேசும்.

பூநாரைகளைக் காண வண்டியில் வருகிற நம் சகோதரர்களுக்கும் இதே சொல்தான். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகேறும் முன், ஆள் நடமாட்டம் உள்ள இடமா என்று பாருங்கள். பையையும் நகையையும் கண்ணாடி வழியே தெரியும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பலவீனமான ஒருவனின் கண்ணுக்கு எதிரே ஆசையைத் தொங்கவிடுவதும் நல்லதல்ல.

இனி, ‘நமக்கென்ன’ என்னும் சொல்லுக்கு வருவோம். பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டுபவர்கள் பெரும்பாலும் பட்டினவர் குலத்து மீனவர்கள். நம்மவர்கள் வணிகம் செய்கிறார்கள். நம் பெண்மக்கள் பனையோலையில் கூடை முடைகிறார்கள். படகு நம்முடையதல்லவே என்று இருந்துவிடலாமா? மக்கத்துக் காபிர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உயிருக்கே குறி வைத்திருந்தார்கள். ஆயினும் அவ்வூர் மக்களின் அமானிதப் பொருள்கள் அண்ணலாரிடமே இருந்தன! ஹிஜ்ரத் புறப்பட்ட அந்த ஆபத்தான இரவிலும், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே சென்றார்கள். பகைவனின் பொருளுக்கே இவ்வளவு பேணுதல் என்றால், பக்கத்து வீட்டுக்காரனின் படகுக்கு எவ்வளவு வேண்டும்!

கோட்டைக்குப்பம் முதலான ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். மீன் பிடிக்க முறை வைக்கத் தெரிந்த ஊருக்குக் காவலுக்கு முறை வைக்கத் தெரியாமற் போகுமா? படகுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டி, இரவுக்கு இருவர் என்று பார்த்துக்கொண்டால் போதுமே! ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து குடும்பத்தோடு மேட்டுக்குப் போகிறவர், “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய் திறந்து சொல்லிவிட்டுப் போகட்டும். கேட்டு ஏற்றுக்கொண்டவருக்கு அது அமானிதம். அவர் அலட்சியத்தால் அது அழிந்தால் ஈடு கொடுக்கும் பொறுப்பும் அவரைச் சேரும் என்று ஷரீஅத் சொல்கிறது.

கயிறு அறுந்து மிதந்து வரும் படகையோ, ஒதுங்கிக் கிடக்கும் வலையையோ கண்டால்? அது உங்களுக்கு வந்த அதிர்ஷ்டமன்று. கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிக்க வேண்டுமென்பது நபிமொழி. கடைத்தெருவிலும் பள்ளிவாசல் வாயிலிலும் சொல்லுங்கள். குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் தெரிவியுங்கள்.

வணிகப் பெருமக்களே! குறிப்பாக உங்களுக்கு ஒரு வார்த்தை. ரசீது இல்லாமல், பாதி விலைக்கு, இரவு நேரத்தில் ஓர் எஞ்ஜின் உங்கள் வாசலுக்கு வந்தால், அது யாருடைய அடுப்பை அணைத்துவிட்டு வருகிறது என்று கேளுங்கள். களவுப் பொருள் எத்தனை கை மாறினாலும் உரியவனின் பொருளே. வாங்குபவன் இல்லையென்றால் திருடுபவன் எதற்குத் திருடப் போகிறான்? மலாய் நாட்டில் கைலிக்கு இன்றும் நம் ஊர்ப் பெயரால் ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். கடல் தாண்டியும் நின்ற அந்தப் பெயருக்கு ஒரு களவு எஞ்ஜினால் இழுக்கு வரலாமா?

இவ்வளவும் செய்த பின் உள்ளத்தை எங்கே வைப்பது? பூட்டின் மீதல்ல. 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை அதே ஊரில் மேடும் புதருமாகக் கிடக்கிறது. சுவர் நிலைக்கவில்லை. ஹஜ்ரத் யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை வெவ்வேறு வாயில்கள் வழியாக நகருக்குள் நுழையச் சொல்லிவிட்டு, அல்லாஹ்வின் விதியைத் தம்மால் தடுக்க இயலாது என்பதையும் உடனே ஒப்புக்கொண்டார்கள். இதுவே முழுமையான தவக்குல்.

எல்லாம் செய்தும் பொருள் போய்விட்டால் மனம் உடையாதீர்கள். முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து களவு போனதும் அவருக்கு ஸதகாவாகும் என்பது நாயகத்தின் நற்செய்தி. அண்டை வீட்டாரின் படகு போய்விட்டாலோ, ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அடுத்த தவணைக்கு உங்கள் கையால் எதையேனும் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பொருள்களை ஹலாலாக்கி, உன் காவலில் வைப்பாயாக! பிறர் பொருளைக் காக்கும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.