கட்டுத்தறியும் கொல்லா விரதமும்



கொல்லாமை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன புலால் மறுத்தலும், நீரை வடிகட்டி அருந்துதலும், இரவுண்ணாமையுமே ஆகும். இவற்றை நம் இல்லங்களில் வழுவாது போற்றி வருகின்றோம். ஆயின், இல்லத்தின் பின்புறத்து மாட்டுக்கொட்டகையிலும் அவ்விரதம் காக்கப்படுகின்றதா என்பதைக் கோடையில் சிந்தித்தல் நம் கடமையாகும்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை வகுத்துரைத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதும் இறுதியானதும் கோடைக்காலத் தொழுவத்திற்கு நேரே பொருந்துவன. காட்டில் திரியும் விலங்கு வெயில் ஏறியதும் தானே நிழலை நாடும், நீர்நிலையைத் தேடும். நாம் கயிற்றால் கட்டிய பசுவுக்கோ அவ்வுரிமை இல்லை. ஆகவே, கட்டியவரே நிழலும் நீரும் தருவதற்குக் கடன்பட்டவர் ஆவார்.

பசுவின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது மேலும் வெப்பம் உண்டாகின்றது. நம்மைப் போல் மிகுதியாக வியர்த்து அதனை வெளியேற்றப் பசுவால் இயலாது. ஜெர்சி, பிரீசியன் கலப்பினப் பசுக்கள் நாட்டுப் பசுக்களைவிட விரைவில் தளர்கின்றன. வாய் திறந்து மூச்சிரைத்தல், எச்சில் வடித்தல், படுக்காது நின்றுகொண்டே இருத்தல், தீனி குறைதல், பால் குன்றுதல் ஆகியவை அத்துன்பத்தின் குறிகள். வாயில்லாச் சீவன் என்கின்றோம். அதன் உடல் பேசுகின்றது.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. புதிதாகக் கொட்டகை அமைப்போர் அதன் நீளம் கிழக்கு மேற்காக இருக்குமாறு கட்டுதல் நலம். வெயில் உள்ளே புகுவது குறையும். பக்கங்களை அடைக்காது காற்றுக்கு வழிவிட வேண்டும். தகரக் கூரையாயின் மேலே தென்னங்கீற்றைப் பரப்பலாம். வெள்ளைச் சுண்ணாம்பும் பூசலாம். கறவைப் பசு கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டருக்கு மேலும் நீர் அருந்தக்கூடும். எனவே நிழலில் உள்ள தொட்டி எந்நேரமும் நிறைந்திருத்தல் வேண்டும். தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னரும் இடுதல் நன்று. மேனியில் நீர் தெளிக்கும்போது காற்றோட்டம் இன்றியமையாதது. அடைத்த கொட்டகையில் தெளித்தால் புழுக்கமே மிகும். நீரும் ஓரறிவுயிர் என்பது நம் கொள்கையாதலின், தேவையான அளவே தெளிப்போமாக.

இவற்றால் பாலும் குறையாதிருக்கும் என்பது உண்மையே. ஆயினும், பால் வற்றிய பசுவுக்கும் முதுமையுற்ற பசுவுக்கும் அதே நிழலையும் அதே நீரையும் தருகின்றோமா என்பதே நம் விரதத்திற்கு உரைகல்.

ஆலயத்தில் பகவானுக்குப் பாலபிடேகம் செய்து மகிழ்கின்றோம். அப்பாலைத் தந்த உயிர் நண்பகலில் நாவறண்டு நின்றிருக்குமாயின், அப்பூசை எங்ஙனம் தூயதாகும்? கத்திரி வெயில் தணியும் வரை, நாள்தோறும் நாம் உணவருந்த அமருமுன் ஒருமுறை தொழுவத்திற்குச் சென்று, தொட்டியில் நீர் உள்ளதா, கட்டிய இடத்தில் நிழல் உள்ளதா எனக் கண்டு வருவோமாக!

அறம் வளர்க!