பிடிபட்டவன் குற்றவாளியா?

ஒருவன் கையில் ஒரு பொருள் இருந்தது என்பது ஒன்று; அவன் உள்ளத்தில் குற்றம் இருந்தது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நீதியின் முதற்கடமையாகும். தமிழ் மக்களுக்கு இதை நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோவலன் கையில் சிலம்பு இருந்தது மெய். அது யாருடையது, அவன் கைக்கு எவ்வாறு வந்தது என்று பாண்டியன் கேட்டானில்லை. கேளாமையால் குற்றமற்றவன் உயிர் போயிற்று. கொற்றவன் உயிரும் உடன் போயிற்று.

மலாயா மண்ணிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு மரணமே தண்டனை என்று அதன் விதிகள் கூறின. தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில், ஒரு ரிவால்வருடனும் ஆறு தோட்டாக்களுடனும் பிடிபட்டார். கண்டெடுத்த அதனைப் போலீஸாரிடம் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் தரப்பிற் கூறப்பட்டது. இந்திய அரசாங்கம் அவருக்காகப் பரிந்து பேசியது. எனினும் மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்ட நாளுக்கும் தூக்குமேடைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டே மாதங்கள்! அவர் கூற்று மெய்யோ பொய்யோ, அது வேறு விவாதம். தீர்ப்புக் கூறியவருக்குத் தண்டனையை எடைபோடும் உரிமையை விதி வழங்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டுவது.

"துப்பாக்கி மண்வெட்டி அன்று, அதை ஒளித்து வைப்பவன் நன்மைக்கா வைத்திருப்பான்?" என்று சிலர் கேட்பர். அவர்தம் அச்சத்தை நாம் இகழவில்லை. ஒரு தோட்டத்தில் ஒருவனிடம் துப்பாக்கி இருக்கிறதென்று தெரிந்தால், அங்கே எவர் நிம்மதியாக உறங்குவர்? ஆகவே கடுமையான சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், சட்டத்தின் கடுமை குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னர்த் தொடங்க வேண்டுமா, பிடிபட்ட கணத்திலேயே தொடங்க வேண்டுமா என்பதே வினா.

மலேசியச் சட்டங்களைப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். அபராதத்துடன் விடுவதும் உண்டு. துப்பாக்கிக் குற்றங்களின் தண்டனையை உயர்த்திய 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ, பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்கிறது. 2012-இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதியில் அதே செயலுக்குத் தூக்கு விதித்தது. செயல் ஒன்று; சட்டம் மூன்று! எச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதென்று தேர்ந்தவர் அரசாங்க வழக்குரைஞர்.

ஜாமீனும் அத்தேர்வைப் பொறுத்ததே. ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு என்றால், ஜாமீன் தரலாமா என்று கோர்ட்டு ஆராயலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் என்றாலோ, ஜாமீனே கூடாது. குற்றஞ்சாட்டுபவர் எழுதும் சட்டத்தின் பெயரே சிறைக் கதவுக்குப் பூட்டாகிவிடுகிறது. அங்கே நீதிபதி கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஜாமீன் என்பது விடுதலையின் விலை அன்று; அபராதமும் அன்று. விசாரணைக்குத் திரும்பி வருவேன் என்னும் வாக்குறுதிக்கு ஈடு, அவ்வளவே. வாக்கைக் காத்தவனுக்கு ஈடு மீளும். ஓடிவிட்டால் ஜாமீன்தாரர் பொறுப்பாவார். அத்தொகை, ஆளை வழக்குக்கு வரச்செய்யப் போதியதாயும் மிகையாகாததாயும் இருக்க வேண்டுமென்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389-ஆம் பிரிவு கூறுகிறது. எது மிகை? செல்வனுக்குக் கைச்செலவாகும் தொகை, பால்மரம் வெட்டுபவனுக்குப் பல மாதச் சம்பளம். தொகை சமமாயிருப்பதனாலேயே நீதியும் சமமாகிவிடுமா? ஈடு கட்ட இயலாதவன் உள்ளே கிடக்கையில் வேலை போகிறது; வேலையோடு லயத்து வீடும் போகிறது; சாட்சிகளைத் தேடிப் பிடிக்கவும் ஆளில்லை. பின்னர் "குற்றமற்றவன்" என்று தீர்ப்பு வந்தாலும், இழந்த நாட்களைத் திருப்பிக் கொடுப்பார் யார்?

காலம் சிறிது இரங்கியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. எடைபோடும் உரிமை நீதிபதியிடம் மீண்டது. உயிரைப் பற்றி ஒப்புக்கொண்ட இவ்வுண்மையை, தீர்ப்புக்கு முற்பட்ட சுதந்திரத்தைப் பற்றியும் ஒப்புக்கொள்ளலாகாதா? எந்த வழக்காயினும், "இவனை வெளியே விட்டால் ஊருக்குத் தீங்குண்டா? இவன் திரும்பி வருவானா?" என்று கேட்கும் உரிமை நீதிபதிக்கு இருத்தல் வேண்டும். அபாயமானவனை அவர் தாராளமாக மறுக்கட்டும், கேட்டபின் மறுக்கட்டும்.

இறுதியாக நம்மவர்க்கு ஒரு சொல். ஒருவனைப் போலீஸார் அழைத்துச் சென்ற அன்றே, "அவன் வீட்டில் கொள்வினை கொடுப்பினை வேண்டாம்" என்று தீர்ப்புக் கூறும் கோர்ட்டுகள் நம் லயங்களிலும் தெருக்களிலும் எத்தனை! அரசாங்கச் சட்டத்தைத் திருத்தக் காலம் பிடிக்கும். நம் நாவைத் திருத்த எந்தச் சட்டசபையும் கூட வேண்டியதில்லை. பிடிபட்டவன் குற்றவாளியோ அல்லனோ, தீர்ப்பு வரும்வரை அவன் மனைவிக்கும் மக்களுக்கும் துணைநிற்பது சங்கங்களின் கடமை. பாண்டியன் கேளாத கேள்வியை நாமாவது கேட்போமாக.