திசை விரதமும் முதல் வெளிநாட்டுப் பயணமும்

இல்லறத்தில் நின்று ஒழுகும் சிராவகர்க்கும் சிராவகியர்க்கும் நம் ஆசாரியப் பெருமக்கள் பன்னிரண்டு விரதங்களை வகுத்தருளியுள்ளனர். அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. இவற்றுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியவற்றை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவர். குணவிரதங்களுள் முதலாவதாகிய திசை விரதத்தையோ, பெரியவர்களாகிய நாமே ஏட்டில் படித்ததோடு நிறுத்திவிடுகிறோம். அயல்நாட்டில் வாழும் மக்களைக் காணப் பெற்றோர் புறப்பட்டுச் செல்வது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்ட இந்நாளில், அவ்விரதம் நமக்கு என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்று அவர் இல்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவள். ரயில்வே பாஸின் உதவியால் சம்மேதகிரிக்கும் சிரவணபெளகுளத்துக்கும் சென்று வந்தோம். தண்டவாளம் முடியும் இடமே எங்கள் உலகத்தின் எல்லையாக இருந்தது. புவியியல் வகுப்பில் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கோலால் ஐரோப்பாவைத் தொட்டு, "இது ரைன் ஆறு, இது எல்பா ஆறு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்நாட்டுக்கே வா என்று அழைப்பு வந்தபோதுதான் கை நடுங்கியது.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் வாழும் என் இளைய மகளுக்குக் கார்த்திகை மாதத்தில் இரண்டாவது பேறு. அவளுக்கு மாமியார் இல்லை. "அம்மா, நீ வந்து மூன்று மாதம் உடனிருக்க வேண்டும்" என்று தொலைபேசியில் கேட்டாள். நான் சிறிதும் எண்ணிப் பாராமல், "நான் திசை விரதம் ஏற்றவள், கடல் தாண்டலாகாது" என்று விடையிறுத்தேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் வர வேண்டாம் அம்மா. உன் விரதம் கெட நான் காரணமாக மாட்டேன். நாங்கள் எப்படியாவது பார்த்துக்கொள்கிறோம்" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தகைய விரதம் எதனையும் நான் எந்நாளும் ஏற்றதில்லை.

விரதமா, அச்சமா?

பொய்யாமை விரதத்தைக் காப்பதாக எண்ணி வாழ்ந்த நான், இன்னொரு விரதத்தின் பெயராலேயே பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஆராய்ந்தபோது விடை வெட்கத்தைத் தந்தது. அச்சமே காரணம். மொழி தெரியாத ஊர், குளிர், நோய் வந்தால் யாரிடம் போவது, வழியில் தவறினால் என்ன செய்வது என்னும் அச்சம். நற்காட்சி உடையோரிடம் இருத்தலாகாது என்று நம் நூல்கள் எண்ணிச் சொல்லும் ஏழு அச்சங்களுள் வேதனை பற்றியதும், காப்பில்லை என்பதும், எதிர்பாராதது நேரும் என்பதும் ஆகிய மூன்று என்னிடம் குடியிருந்தன. அவற்றுக்கு விரதம் என்று பெயரிட்டு மரியாதை தேடிக்கொண்டேன்.

வெளித் தோற்றத்தில் அச்சமும் விரதமும் ஒன்றுபோலவே இருக்கும். அஞ்சியவளும் வீட்டில் இருக்கிறாள். விரதம் ஏற்றவளும் வீட்டில் இருக்கிறாள். ஆயினும் அஞ்சுபவள் தன் உடலைக் காக்க நிற்கிறாள்; விரதம் ஏற்றவள் பிற உயிர்களைக் காக்க நிற்கிறாள். சமந்தபத்திர ஆசாரியாரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் கூறும் திசை விரதம் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. கடல், ஆறு, காடு, மலை, நாடு ஆகியவற்றை அடையாளமாக வைத்து, இதற்கு அப்பால் செல்லேன் என்று உயிருள்ளவரை உறுதி கொள்வது அது. எல்லைக்கு அப்பால் அவரால் எவ்வுயிர்க்கும் தீங்கு நேராது. ஆதலால் அப்பகுதியைப் பொறுத்தமட்டில் இல்லறத்தாரின் அணுவிரதமும் மகாவிரதத்துக்கு நிகராகிறது என்பது ஆசாரியர் கருத்து.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்நூல்கள் எல்லையை வகுக்கச் சொல்கின்றனவேயன்றி, அது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வணிகம் செய்து வாழ்ந்த ஒரு சமுதாயத்துக்கு அவ்வாறு சொல்லியிருக்கவும் இயலாது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் சீதத்தன் என்னும் வணிகன் மரக்கலம் ஏறிப் பொருளீட்டச் செல்கிறான். அதற்காக அவனை நூலாசிரியராகிய முனிவர் பழிக்கவில்லை. 1888ஆம் ஆண்டு காந்தியடிகள் சட்டம் படிக்க இங்கிலாந்து செல்ல விரும்பியபோது அவர் தாயார் தயங்கினார். பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி ஒருவரே மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்று உறுதி வாங்கி, அந்தத் தாயின் மனத்தை ஆற்றி அனுப்பிவைத்தார். 1893ஆம் ஆண்டு சிகாகோ சர்வசமயப் பேரவைக்கு அழைக்கப்பட்ட ஆசாரியர் ஆத்மாராம்ஜி, துறவியாதலால் தாம் செல்ல இயலாமல் இல்லறத்தாராகிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தியை அனுப்பினார். ஆக, துறவிக்கு உள்ள கட்டுப்பாடு வேறு. நமக்கு உள்ளது வேறு. நம்மிடம் கேட்கப்படுவது, புறப்படும் முன்னரே எல்லை வகுத்துக்கொள்வதுதான்.

கவுந்தியடிகள் காட்டிய வழி

முன்பின் அறியாத நாட்டுக்கு முதற்பயணம் போவோர்க்கு எங்கள் திருச்சிராப்பள்ளிச் சீமையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தது இவ்வழியேதான். திருவரங்கத்தை அடைந்து, ஓடம் ஏறிக் காவிரியின் தென்கரை சேர்ந்து, உறையூரில் தங்கிச் சென்றனர். இரண்டும் என் வீட்டிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ளன.

கோவலன் எவ்வித ஏற்பாடும் இன்றி இருட்டிலேயே புறப்பட்டவன். சிறிது தூரம் நடந்து களைத்த கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதத் தொலைவை, அது பக்கந்தான் என்று சொல்லி அவளைத் தேற்றுகிறான். வழித்துணையாக வந்த நம் கவுந்தியடிகளோ அப்படிப் பேசவில்லை. இன்ன வழியில் இன்ன இடர் உண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும்; கால் இடறும். வயல் வழியே சென்றால் கரையில் ஊரும் நண்டும் நத்தையும் நம் காலடியில் நசுங்கக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் வரும் துன்பம் தாங்கக்கூடியதன்று என்கிறார்.

நாம் பயணத்துக்கு ஆயத்தம் செய்யும்போது எழுதும் பட்டியலில் நமக்கு வரும் இடர்கள் மட்டுமே இருக்கும். அடிகளின் பட்டியலில் நம்மால் பிறர்க்கு வரும் இடர்களும் இருக்கின்றன. இத்தனையும் சொன்ன பிறகு அவர், ஆகையால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு வழி இல்லை, பார்த்து நடப்போம் என்கிறார். பின்னர் நாளொன்றுக்கு ஒரு காதத்துக்குமேல் நடவாமல் மெல்லச் சென்றார்கள் என்கிறது காப்பியம். அடிகள் கையில் மயிற்பீலியும், நாவில் மந்திரமும் துணையாக இருந்தன. இடரை அறிந்து சொல்வதும், அறிந்தபின் அடியெடுத்து வைப்பதும் ஒருங்கே இருந்த உள்ளம் அது. என்னிடம் முதற்பாதி மட்டுமே இருந்தது.

மறுநாள் மகளை அழைத்து உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "பயமாக இருந்தால் பயம் என்றே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாள். வருகிறேன் என்றேன்.

பெட்டியில் வைக்கத்தகாத நெய்

பாஸ்போர்ட் எடுத்தேன். விசாவுக்காகச் சென்னை சென்று கைரேகை பதித்தேன். அவ்விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் தங்கலாகாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். முதுமையில் நோயுற்றுப் பிள்ளைகளைக் கடனில் ஆழ்த்துவதும் ஒரு ஹிம்சையே. ஆகவே அதனை வீண்செலவு என்று நான் எண்ணவில்லை. விமானத்தில் நம் ஒழுக்கத்துக்கேற்ற சமண உணவு கிடைக்கிறது. பயணத்துக்கு ஒரு நாளேனும் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

சோதனை பெட்டி கட்டும்போது வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நெய்விட்டுக் கிளறிய லேகியமும், வீட்டில் உருக்கிய நெய்யும் கொண்டுபோக எண்ணியிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் இறைச்சியையும் பாலையும் அவற்றால் ஆன பண்டங்களையும் தம் பெட்டியில் கொண்டுவரலாகாது என்பது அங்குள்ள சட்டம் என்று மகள் தெரிவித்தாள். அயலிலுள்ள அம்மாள் ஒருவர், "துணிக்குள் சுருட்டி வையுங்கள், நெய்யை யார் பார்க்கப் போகிறார்கள்? பெற்ற மகளுக்குத்தானே!" என்று யோசனை சொன்னார். எனக்கும் சபலம் தட்டியது.

தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்துக்குரிய குற்றங்களுள் ஒன்றாக, ஓர் அரசின் ஆணைக்கு மாறாகப் பொருளைக் கொண்டு செல்வது சொல்லப்பட்டுள்ளது. விருத்த ராஜ்யாதிக்கிரமம் என்பது அதன் பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசாரியர் வணிகர்க்குச் சொன்னது, என் நெய்ப் பாத்திரத்துக்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தேன். அச்சட்டம் எதற்காக என்று கேட்டபோது வியப்பு இன்னும் மிகுந்தது. பால், இறைச்சி வழியாகக் கால்நடை நோய்கள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுப்பதற்காகவாம். வாயில்லா உயிர்களைக் காக்கும் விதியை அன்பின் பெயரால் மீறுவது நமக்குத் தகுமா? சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை உலர்ந்தவாறே எடுத்துக்கொண்டேன். வெண்ணெய் அந்நாட்டிலேயே கிடைக்கிறது; அங்கே உருக்கிக்கொள்ளலாம்.

இரவு உண்ணாமையும் சிந்திக்க வேண்டியதாயிற்று. மார்கழியில் ஹாம்பர்க்கில் காலை எட்டரை மணியளவில் விடிந்து மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்கிறது. பகல் ஏழரை மணி நேரமே. திருச்சியில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம். ஆகவே பிற்பகல் மூன்றரை மணிக்குள் உண்டு முடிப்பதென உறுதி செய்துகொண்டேன். அதற்காக மகள் வீட்டார் தம் உணவு நேரத்தை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அந்நாட்டில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அக்கம்பக்கத்தார் உறக்கம் கெட ஓசை எழுப்பலாகாது. ஞாயிறு முழுவதும் அமைதி நாள். விடியுமுன் உரலில் மிளகு இடிக்கும் என் வழக்கத்தை இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும். அடிகள் சொன்ன நண்டும் நத்தையும் இன்று இப்படிப்பட்ட உருவிலும் நம் வழியில் கிடக்கின்றன.

நான் வகுத்த எல்லை

வந்தவாசிப் பக்கத்து எங்கள் சொந்த ஊர் ஜினாலயத்தில், சென்ற திங்கள் திசை விரதத்தை மெய்யாகவே ஏற்றேன். வடக்கும் மேற்கும் ஹாம்பர்க், கிழக்கே சம்மேதகிரி, தெற்கே கன்னியாகுமரி. மேல்திசைக்கும் எல்லை சொல்ல வேண்டும் என்பதால், விமானம் பறக்கும் உயரத்தைக் கேட்டறிந்து பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்தேன். அதற்குள் தங்கும் மூன்று மாதத்துக்கு மகளின் வீடு, மருத்துவமனை, கடைத்தெரு, பூங்கா, பல்கலைக்கழகம் என்று தேச விரதமும் கொண்டேன். பல்கலைக்கழகத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 1935ஆம் ஆண்டு சமணக் கோட்பாடுகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய வால்தர் சூப்ரிங் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். நான் அறியாத நாடென்று அஞ்சிய ஊரில், நம் ஆகமங்களை ஓர் அறிஞர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்.

எல்லையை ஹாம்பர்க் வரை நீட்டியது விரதத்தை வசதிக்கேற்ப வளைத்ததாகாதா என்று கேட்கலாம். ஏற்ற எல்லையைப் பின்னர்க் கூட்டுவது குற்றம். நூல்கள் அதனைத் தெளிவாகவே கூறுகின்றன. முன்னரே உண்மையாக விரதம் ஏற்றிருந்தால், மகளுக்காகவும் நான் அதனைக் கடந்திருக்கலாகாது. வேறு துணைதான் தேடியிருக்க வேண்டும். ஆகையால்தான், நமக்குள்ள கடமைகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்தபின் எல்லை வகுக்க வேண்டும் என்கிறேன். விமானம் எரிக்கும் எரிபொருளால் நேரும் ஹிம்சையையும் நான் மறக்கவில்லை. எனவே இது ஒரே பயணம். அருகிலுள்ள பாரிசையும் பார்த்துவிடுங்கள் என்று அன்போடு சொல்வோர்க்கு, அது என் எல்லைக்குள்ளும் இல்லை, என் நோக்கத்திலும் இல்லை என்று விடை சொல்லிவிட்டேன்.

அச்சம் முற்றும் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது மீண்டும் பொய்யாகும். பொன்மலைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போது இன்னும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அதனை இப்போது அச்சம் என்றே அழைக்கிறேன். இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது நான் அங்கே வெண்ணெய் உருக்கிக்கொண்டிருப்பேன். அயல்நாடு செல்ல எண்ணும் சகோதரியர், பெட்டி கட்டுமுன் ஒருநாள் அமர்ந்து, எதற்காக, எதுவரை, எத்தனை நாள், எதை விடாமல் என்று எழுதிப் பாருங்கள். போக வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அம்முடிவுக்கு அதன் உண்மைப் பெயரையே சூட்டுங்கள்.

அறம் வளர்க!