கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு

  



ரமளானின் கடைசி ஜும்ஆவில் இருக்கிறோம். வழக்கமாக இந்த நாளில் ஃபித்ரா பற்றித்தான் பேசுவேன். அதைச் சென்ற வாரமே விரிவாகப் பேசிவிட்டோம். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அறிவிப்புப் பலகையிலும் எழுதியிருக்கிறது. இன்று கடலைப் பற்றிப் பேசப் போகிறேன். பெருநாள் அன்று அஸருக்குப் பிறகு இந்த மஹல்லாவில் பாதிப் பேர் எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு வேறொரு கடலோர ஊரில் இமாமாக இருந்தேன். மாலை மக்தபில் என்னிடம் ஓதிய ஒரு பையன், பதினாறு வயது. நல்ல குரல். நோன்புப் பெருநாள் காலையில் தொழுகை முடிந்ததும் ஓடி வந்து என்னைக் கட்டித் தழுவி முஆனகா செய்தான். அவன் சட்டையில் இருந்த அத்தர் வாசம் என் ஜிப்பாவில் ஒட்டிக்கொண்டது. அன்று மாலை நண்பர்களோடு கடலில் இறங்கியவன் கரை ஏறவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகுதான் கிடைத்தான். அவனை நானே குளிப்பாட்டினேன்.

கப்ருஸ்தானில் நான் என்ன பேசினேன்? கத்ரைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு உயிருக்கும் தவணை உண்டு, அது முந்தாது பிந்தாது என்றேன். நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னேன். எல்லாம் உண்மை. அதில் ஒரு எழுத்தைக் கூட இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மீனவர். இரவு முழுவதும் தன் படகை எடுத்துக்கொண்டு பையனைத் தேடியவர். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. "அசரத்து, நீங்க சொன்னது சரிதான். ஆனா அந்த எடத்துல எங்க புள்ளைங்க எறங்காது. அங்க தண்ணி வெளிய ஓடும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பையனுக்குத் தண்ணீரின் வகைகளைப் பாடம் நடத்தியவன் நான். எந்தத் தண்ணீரில் உளூ கூடும், எதில் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடல் நீர் தூய்மையானது என்ற ஹதீஸை அவன் என்னிடம்தான் ஓதினான். அதே கடல் அவன் ஊர்க் கரையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கத்ரை நம்புவது என்றால் என்ன? உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, ஸர்க் என்ற இடத்துக்கு வந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. திரும்பிவிட முடிவு செய்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கி ஓடுகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது. நோய் அல்லாஹ்வின் விதி என்றால், நோயைப் பற்றி வந்த செய்தியும் அவன் விதிதான். கடலில் இழுப்பு இருப்பது அவன் ஏற்படுத்தியது. அதை அடையாளம் காணும் அறிவை ஒரு மீனவருக்குக் கொடுத்ததும் அவன்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அதற்குப் பெயர் தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கடலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கேட்டேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் ஏற்றமும் வற்றமும். ஒரு நாளில் கடல் ஏறுகிறது, வற்றுகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி வற்றுகிறது. பெரும்பாலான கரைகளில் இப்படித்தான். காரணம் நிலா. நிலாவின் ஈர்ப்பு பூமியில் தன் பக்கம் இருக்கும் நீரை அதிகமாக இழுக்கிறது. எதிர்ப்பக்கத்து நீரைக் குறைவாக இழுக்கிறது. இந்த வித்தியாசத்தால் இரண்டு பக்கமும் கடல் சற்று மேடாகிறது. பூமி சுற்றச் சுற்ற நம் கரை அந்த இரண்டு மேடுகளையும் கடக்கிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது அல்லவா? ஏற்றமும் அதே போல் தினமும் பிந்துகிறது. இரண்டும் ஒரே கணக்கு.

நம் முன்னோர்கள் இதைக் கவனித்தவர்கள். அல்-கிந்தி ஏற்றவற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். அல்-பீரூனி இந்தியாவைப் பற்றிய தன் நூலில் சோமநாதபுரக் கடற்கரையில் நிலா உதிக்கும்போதும் மறையும்போதும் நீர் ஏறுவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பதிவு அது. ஈர்ப்பு விசையை வைத்துச் சரியான விளக்கம் வந்தது 1687-இல், நியூட்டனால். ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கண்டுபிடிப்பு வந்ததும் இது குர்ஆனில் அன்றே இருக்கிறது என்று ஓடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூரத்துந் நூரில் அலைக்கு மேல் அலையாக இருண்ட கடலை அல்லாஹ் சொல்வது நிராகரிப்பின் இருளை நமக்குப் புரிய வைக்க. கடல்பாடம் எடுப்பதற்காக அல்ல. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே ஓடுகின்றன என்று அவன் சொல்லிவிட்டான். அந்தக் கணக்கைப் படிக்கும் வேலையை நம்மிடம் விட்டிருக்கிறான்.

இப்போது பெருநாளுக்கு வருகிறேன். சூரியனுக்கும் ஈர்ப்பு உண்டு. கடலை ஏற்றுவதில் அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நாட்களிலும் அதை ஒட்டிய ஓரிரு நாட்களிலும் ஏற்றம் மிக அதிகம், வற்றமும் மிக அதிகம். அரைநிலா நாட்களில் இரண்டும் குறைவு. நாம் நோன்பு நோற்கும் வெள்ளை நாட்கள், 13, 14, 15, பெரிய ஏற்றம் தொடங்கும் நாட்கள். ஷவ்வால் முதல் பிறை எப்போது? அமாவாசை முடிந்த உடனே. ஆக, நோன்புப் பெருநாள் எந்த வருடம் வந்தாலும், எந்தப் பருவத்தில் வந்தாலும், பெரிய ஏற்றவற்ற நாட்களில்தான் வரும். பிறை பார்க்கத் தெரிந்த சமுதாயம் நாம். இது நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்றம் மட்டும் ஆளைக் கொல்லாது. உலகில் சில இடங்களில் அது மிகப் பெரியது. குஜராத் பாவ்நகர் பக்கம் 10 மீட்டரைத் தொடும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும். நம் கிழக்குக் கரையில் அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மீட்டரின் மேல் அலை வந்து ஏறினால்?

அலை என்பது காற்றின் வேலை. ஆழ்கடலில் அலையோடு நீர் பயணம் செய்வதில்லை. ஒரு தேங்காய் மிதந்தால் கவனியுங்கள், அலை கடந்து போகும், தேங்காய் ஏறி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். கயிற்றை உதறினால் நெளிவு ஓடுகிறது, கயிறு கையில்தான் இருக்கிறது, அது போல. கரை நெருங்கித் தரை தட்டும்போதுதான் அலை உயர்ந்து, உடைந்து, தண்ணீரையே கரைமேல் தள்ளுகிறது.

அந்தக் காற்று இங்கே வீச வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகா பக்கம், புயல் அடிக்கும். அங்கே பிறந்த நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாட்கள் கழித்து நம் கரையைத் தொடும். இங்கே வானம் தெளிவு, காற்று இல்லை, மழை இல்லை. கடல் மட்டும் திடீரெனப் பொங்கும். மலையாளத்தில் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர், திருடனைப் போல வருவதால். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6, குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 5 பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போனது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. இப்படி அலை வரும் என்று ஹைதராபாத்திலிருக்கும் கடல் தகவல் மையம் முன்பே எச்சரித்திருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லச் சொல்லவில்லை. கடலைப் பார்த்தால் அமைதியாகத்தானே இருந்திருக்கும்! செய்தி இருந்தும் அது போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேராமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

இனி அந்த மீனவர் சொன்ன வார்த்தை, தண்ணீர் வெளியே ஓடும் இடம். அலைகள் கரையில் தள்ளிய தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே எல்லாம் கூடி, ஒரு வாய்க்கால் போலக் கடலுக்குள் பாய்கிறது. நல்ல நீச்சல் வீரர் கூட அதை எதிர்த்து நீந்த முடியாது. விபரீதம் என்னவென்றால், பார்ப்பதற்கு அந்த இடம்தான் பாதுகாப்பாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும். நடுவில் மட்டும் அலை இல்லாமல், நிறம் சற்றுக் கருத்து, அமைதியாக இருக்கும். குடும்பத்தோடு வருகிறவர் என்ன செய்வார்? இங்கே அலை இல்லை, இங்கே விளையாடு என்று பிள்ளையை அங்கேதான் இறக்குவார். அந்தப் பையனும் அப்படி ஓர் இடத்தில்தான் இறங்கினான்.

வாலிபர்களே, கேளுங்கள். அந்த இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரை தெரிகிறது, பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அந்தப் பாதையில் போய்ச் சேர முடியாது. களைத்துத்தான் மூழ்குவீர்கள். அது உங்களைக் கீழே இழுப்பதில்லை, வெளியே இழுக்கிறது. மிதந்து மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கை தூக்கிக் கூப்பிடுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த வாய்க்கால் அகலமாக இருக்காது. வெளியே வந்ததும் அலை உடையும் இடத்தின் வழியாகத் திரும்புங்கள், அலையே தள்ளிவிடும். கரையில் நிற்பவர் பாசத்தில் குதித்துவிடாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று ஜனாஸா வந்த வீடுகள் உண்டு. கயிறு, காலி கேன், டியூப், மிதக்கும் எதையாவது வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள், 108-க்கு அடியுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. புர்காவோ சேலையோ நனைந்தால் எடை கூடிவிடும். முழங்கால் நீரில் கூட அலை சாய்த்தால் எழுவது சிரமம். கைக்குழந்தையோடு நீரோரம் நிற்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. வேண்டாம்.

கடலுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெருநாள் மகிழ்ச்சிக்குரிய நாள். மணலில் உட்காருங்கள், பிள்ளைகளை ஓடி விளையாட விடுங்கள், மஃரிபை ஜமாஅத்தாக அங்கேயே தொழுங்கள்.

ஜமாஅத்தில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இன்று அஸருக்குப் பிறகு நம் ஊர் மீனவர் இருவர் கடற்கரையில் இருப்பார்கள். எந்த எந்த இடத்தில் தண்ணீர் வெளியே ஓடுகிறது என்று காட்டுவார்கள். இன்று காட்டும் இடம் பெருநாள் அன்று நகர்ந்திருக்கலாம், மணல் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பெருநாள் மதியமும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே சிவப்புக் கொடி நட வேண்டும். அதற்கு இருபது வாலிபர்கள் தேவை. தொழுகை முடிந்ததும் ஹவுளுக்குப் பக்கத்தில் முஅத்தின் நோட்டோடு நிற்பார், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நானும் வருவேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.