வேடத்தின் மறைவில்

சதுரங்கம் ஆடும்போது எதிராளி முரடனாக இருந்தால் பலகையை மூடிவிட்டு எழுந்து போய்விடலாம். இழப்பு இருவரோடு முடிந்துவிடும். ஐந்தாறு பேர் ஆளுக்கொரு வேடம் பூண்டு, ஒருவர் சொல்லை மற்றவர் வாங்கி, ஒரே கதையைச் சேர்ந்து நெய்யும் ஆட்டம் அப்படிப்பட்டதன்று. அங்கே ஒரு கை இழையை அறுத்தால் துணி முழுவதும் பிரிந்துபோகிறது. அப்படி அறுப்பவனைப் பொறுத்துக்கொள்வதா, திருத்துவதா, விலக்குவதா? சிறுபிள்ளைகளின் சச்சரவைப் போலத் தோன்றும் இக்கேள்விக்குள் பெரியவர்களும் எளிதில் விடை காணமுடியாத ஓர் அறச்சிக்கல் இருக்கிறது.

வேடம் பூண்டு ஆடுவது தருமபுரி மாவட்டத்தார்க்குப் புதிதன்று. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழா நடக்கும் நாள்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும், இரவு முழுதும் கூத்தும், இறுதியில் துரியோதனன் படுகளமும் நடப்பதை நம்மில் பலர் பார்த்து வளர்ந்திருக்கிறோம். திரைக்குப் பின்னிருந்து கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து வெளிப்படுகிறவர் பக்கத்துத் தெருக்காரர்தாம் என்பது எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் விடியும் வரை அவரை அருச்சுனன் என்றே கொள்கிறோம். அந்த ஒப்பந்தம் எங்கும் எழுதப்பட்டதில்லை. ஆயினும் அதன்மேல்தான் கூத்து நிற்கிறது.

இந்தக் கலைக்கு மேல்நாட்டில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். அரங்கும் இல்லை, ஒப்பனையும் இல்லை. ஒரு மேசை, சில தாள்கள், பென்சில், இருபது முகமுள்ள பகடை, இவையே கருவிகள். ஒருவர் நடுவராக அமர்ந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியர் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் அந்தக் கிழவியிடம் பேசிப் பார்க்கிறேன்” என்று சொல்லச் சொல்லக் கதை வளரும். வென்றவர், தோற்றவர் என்று முடிவு கிடையாது. கதை நன்றாக நடந்தால் எல்லார்க்கும் வெற்றி. இன்று பெங்களூரிலும் சென்னையிலும் கணிப்பொறித் துறை இளைஞர்கள் வார இறுதிகளில் மூன்று நான்கு மணி நேரம் இப்படி அமர்ந்து ஆடுகிறார்கள். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடிச் சென்ற பிள்ளைகளைப் பெற்றோர் இதைக் கேள்விப்பட்டால் வியக்க வேண்டியதில்லை. தாத்தா தெருவில் ஆடியதைப் பேரன் மேசையில் ஆடுகிறான், அவ்வளவே.

இப்படி ஒரு குழுவை மனத்தில் எண்ணிக்கொள்வோம். நடுவரைத் தவிர நால்வர். அவர்களுள் ஒருத்தி புதியவள். வைத்தியப் பாத்திரம் ஏற்றிருக்கிறாள். இன்னும் கூச்சம் தெளியவில்லை. மற்றொருவன் கெட்டிக்காரன், பேச்சு வல்லவன், திருடனாக ஆடுகிறான். தோழர்கள் ஒரு கைதியோடு சமாதானம் பேசும்போது, “நான் அவன் கழுத்தை அறுக்கிறேன்” என்கிறான். புதியவளின் பையிலிருந்து மருந்தைத் திருடுகிறான். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் குறுக்கே ஒரு கேலி. கேட்டால், “நானா செய்கிறேன்? என் பாத்திரம் அப்படிப்பட்டவன். வேடத்துக்கு உண்மையாக இருக்கிறேன்” என்று கை விரிக்கிறான். மற்றவர்கள் சங்கடத்தோடு சிரிக்கிறார்கள். மூன்றாம் வாரம் புதியவள், “எனக்கு வேலை இருக்கிறது” என்று செய்தி அனுப்புகிறாள். பிறகு அவள் வருவதில்லை.

அவன் சொன்ன மறுமொழியில்தான் இச்சிக்கலின் வேர் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தைப் படைத்தவன் யார்? திருடனுக்குத் தோழர்மேல் ஒரு பற்று உண்டு என்று வைத்துக்கொள்ள யார் தடுத்தார்கள்? பல நூறு வழிகளில் ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு, அது தன் தலையெழுத்து என்பதுபோல் பேசுவது விந்தை. இந்த வாதம் மேசையோடு நிற்பதுமில்லை. “என் சுபாவம் அப்படி” என்கிற கணவனும், “மேலதிகாரி என்ற முறையில் சொன்னேன்” என்கிற அலுவலரும் அதே திரைக்குப் பின்தான் நிற்கிறார்கள்.

நம் கூத்துக் கலைஞர்கள் இந்த இடத்தில் எவ்வளவு நுட்பமாக நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். துகிலுரியும் காட்சியில் துச்சாதனன் வேடம் பூண்டவர் தம் வேடத்துக்குக் குறை வைப்பதில்லை. ஆனால் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, திரௌபதியிடம் பொறுத்தருள வேண்டிக்கொள்ளும் வழக்கம் கூத்து மரபில் உண்டு. எதிரில் சேலை கட்டி நிற்பவரும் பெரும்பாலும் ஓர் ஆண் நடிகர்தான். அதனால் வேண்டுதல் தேவையற்றது என்று அவர்கள் எண்ணவில்லை. இழுக்கப்போவது வேடத்தின் கை என்றாலும் அந்தக் கைக்குள் இருப்பது தம் கை என்பதை அவர்கள் அறிவார்கள். மேசை விளையாட்டுக்காரர்களும் பல ஆண்டுப் பட்டறிவுக்குப் பின் இதற்கிணையான ஏற்பாடு ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். ‘எக்ஸ்’ என்றெழுதிய அட்டை ஒன்று மேசை நடுவில் கிடக்கும். காட்சி யாருக்கேனும் மனம் தாங்காத அளவுக்குப் போனால் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

விளையாடுவதே வீண் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. விளையாட்டுக்கு எதற்கு இத்தனை நியாயம் என்று அவர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்குப் புனித தோமா அக்குவினார் பதில் சொல்லியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில் 168ஆம் வினாவின் பெரும்பகுதி இதைப்பற்றியதே. உடலுக்கு உறக்கம்போல உள்ளத்துக்கு விளையாட்டு வேண்டும் என்கிறார். கூத்தாடிகளின் தொழில் தன்னளவில் தீயதன்று என்கிறார். அதற்கு மேலும் ஒன்று சொல்கிறார். பிறர்க்கு மகிழ்ச்சி தராததோடு, பிறர் மகிழ்வதையும் தடுத்து, அவர்களுக்குச் சுமையாக இருப்பவன் அறிவொழுங்குக்கு மாறாக நடக்கிறான். ஆகவே அது குற்றமே என்பது அவர் முடிபு. ஆட்டத்தைக் கெடுப்பது அற்பச் சேட்டை என்று அவர் தள்ளிவிடவில்லை.

டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹைசிங்கா 1938இல் விளையாட்டைப் பற்றி எழுதிய நூலில், கள்ள ஆட்டம் ஆடுபவனைவிட ஆட்டத்தையே குலைப்பவன்மேல் மக்களுக்குக் கோபம் மிகுதி என்கிறார். கள்ளன் விதிகளை மதிப்பதுபோல் நடிக்கவாவது செய்கிறான். குலைப்பவன் அந்த உலகத்தையே உடைக்கிறான். இது உண்மையே. ஆயினும், உடைப்பவன் எல்லாரும் கெடுப்பவனா என்றால், இல்லை. கட்டியக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். அரசன் கொலுவில் இருக்கும்போதே உள்ளூர்ச் சங்கதியை இழுத்துக் கேலி செய்வான்; பாரதத்தின் நடுவே பஞ்சாயத்துத் தேர்தல் வரும். ஆனால் அவன் உடைப்பது ஆட்டம் இளைப்பாறுவதற்காக. அரசன் பாடும் நேரத்தில் ஒதுங்கி நிற்க அவனுக்குத் தெரியும். சில குழுக்களில் நடுவரே அரைமணி நேரம் தனியாகக் கதாகாலட்சேபம் செய்துகொண்டிருப்பார். சலித்துப்போய் ஒருவன் ஏதாவது கிறுக்குத்தனம் செய்தால் அவனைக் கலகக்காரன் என்பார்கள். அங்கே பழுது அவனிடம் அன்று. எனவே யாரையும் கெடுப்பவன் என்று குறிக்கும் முன், அவனுக்கு நாம் என்ன இடம் கொடுத்தோம் என்று பார்ப்பது நியாயம்.

பார்த்த பின்பும் பழுது அவனிடமே என்று தெரிகிறது, என்ன செய்வது? பெரும்பாலான நடுவர்களுக்கு முதலில் தோன்றும் வழி, கதைக்குள்ளேயே அவனைத் தண்டிப்பது. திருடன்மேல் இடி விழுகிறது. ஊர்க்காவலர் பிடித்துச் சிறையில் அடைக்கிறார்கள். இது பயன் தருவதில்லை. அடிபடுவது பாத்திரம், ஆள் அல்லன். அதைவிட, அந்த இடி விழும் காட்சி முழுவதும் அவனைப் பற்றியதாகிவிடுகிறது. அவன் தேடியதும் அதுதானே?

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் நாமறிந்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில் தனியாக, கேளாவிடில் ஓரிருவருடன், அதற்கும் இணங்காவிடில் திருச்சபையிடம். முதற்படி ஏன் தனிமையில் இருக்கவேண்டும் என்பதற்கு மானத்தைக் காப்பது ஒரு காரணம் என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் புலப்படும். பத்துப் பேர் முன்னிலையில் கண்டிக்கப்படுபவன் அந்தப் பத்துப் பேருக்காக ஆடத் தொடங்கிவிடுவான். பார்வையாளர் இல்லாத இடத்தில்தான் ஒப்பனை கலைகிறது. ஆட்டம் முடிந்த மறுநாள், தேநீர்க் கடையில், “திருடனைப் பற்றிப் பேச வரவில்லை, உன்னைப் பற்றிப் பேச வந்தேன். அவள் உன்னால்தான் வருவதில்லை” என்று நேரே சொல்லவேண்டும். சுற்றி வளைத்தால் அவன் மறுபடியும் பாத்திரத்துக்குள் புகுந்துகொள்வான்.

பலர் இதைச் சொல்வதில்லை. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று இருந்துவிடுகிறார்கள். பொறுமை கிறிஸ்தவனுக்கு அழகு என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன குழுவில் பொறுத்தவர் யார்? நடுவர் அன்று, அவருக்கு ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. மற்ற இருவரும் அல்லர், அவர்கள் சிரித்தார்கள். பொறுமையின் விலையை முழுவதும் கொடுத்தவள், பேசாமல் போன அந்தப் பெண். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு இழைத்த தீங்கை நடுவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்! பிறர் கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? கெடுப்பவனிடம் இரக்கம் காட்டுவதாக நாம் நினைக்கும்போது, பெரும்பாலும் சண்டைக்கு அஞ்சும் நம் சொந்த அமைதியையே காத்துக்கொள்கிறோம். கெடுப்பவன் உரத்த குரலுடையவன். அவனை இழப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மெல்லியவர்களை இழப்பது தெரிவதே இல்லை. ஒரு நாற்காலி குறைகிறது, அவ்வளவுதான்.

ஆகவே தனியே சொல்லியும், இருவராய்ச் சென்று சொல்லியும் மாறாதவனை ஆட்டத்திலிருந்து விலக்குவது அன்புக்கு மாறானதன்று. விலக்கும் முறையில்தான் அன்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில், குற்றத்துக்காக விலக்கி வைக்கப்பட்டவனிடம் அறிவும் முதிர்ச்சியும் வாய்ந்த சகோதரர்களை இரகசியமாக அனுப்பி, அவன் துயரில் மூழ்கிப்போகாதபடி ஆறுதல் சொல்லச் செய்யும்படி மடத்தலைவரைப் பணிக்கிறார். எவ்வழியிலும் திருந்தாதவனை அறுத்து நீக்கவும் தயங்கவேண்டாம் என்கிறார். வெளியேறியவன் திருந்தி வந்தால் மூன்று முறை வரை கடைசி இடத்தில் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார். கணக்கு வைத்துக்கொண்ட இரக்கம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். குழுவில் எஞ்சியிருப்பவர்களையும் மறவாத இரக்கம் அது என்பது என் கருத்து.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடி அணிபவர் விரதம் இருந்தே அதை அணிகிறார். ஆவேசம் வந்து இரணியன்மேல் பாயும்போது பிடித்து நிறுத்த ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். வேடம் ஆளை மீறிப் போகக்கூடும் என்று முன்பே அறிந்து ஆயத்தமாக இருக்கும் குழு அது. பிடிப்பவர்கள் அவரைத் தள்ளிவிடுவதில்லை. இரணியனாக நடிப்பவரைப் பலி கொடுப்பதுமில்லை. மேசை விளையாட்டுக் குழுக்களுள் விவேகமுள்ளவை, முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு நாள் கூடி, எது வரை போகலாம், எது வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்கின்றன. கெடுப்பவன் தோன்றிய பிறகு விதி வகுத்தால் அது அவனுக்கெதிராகச் செய்த சதிபோல் தோன்றும். முன்பே வகுத்தால் எல்லார்க்கும் பொது.

இனி ஒரு சிறு காரியம். விலக்கப்பட்டவன் போன பிறகும் அவனுடைய திருடன் கதைக்குள் நிற்கிறான். அவனை என்ன செய்வது? கோபத்தில் இருக்கும் குழு அடுத்த வாரமே அவனை மலையிலிருந்து உருட்டிவிடும், எல்லாரும் கைதட்டுவார்கள். அப்படிச் செய்யாமல், அவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலேறிப் போனான் என்று நடுவர் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவன் பெயரும் குணங்களும் எழுதிய அந்தத் தாளைக் கிழிக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு யாராவது ஒருவர் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, வைத்தியர் இல்லாமல் காயம்பட்ட இருவர் காட்டில் காத்திருக்கிறார்கள் என்று சொல்லவேண்டும்.