மூலமொழியும் அறக்கடனும்

நல்ல மொழிபெயர்ப்புகள் எளிதிற் கிடைக்கும்போது, பேச்சு வழக்கிழந்த பண்டை மொழிகளைப் பல ஆண்டுகள் முயன்று கற்பதன் பயன் யாது என்னும் வினா மேலைப் பல்கலைக்கழகங்களில் எழுவதுண்டு. பாடவிதானம் பற்றியதாகத் தோன்றும் இவ்வினாவுள் அறவினா ஒன்றும் அடங்கியுள்ளது.

ஹோமரின் ஒடிசியில், 22ஆம் பகுதியில், நாடு திரும்பிய ஒடிசியஸ் தன் மனைவியை மணக்க விரும்பி மனையில் தங்கியிருந்தோரைக் கொன்றொழிக்கின்றான். அவர்களோடு கூடியிருந்த மனைப்பெண்கள் பன்னிருவரை அவன் மைந்தன் டெலமாக்கஸ் தூக்கிலிடுகின்றான். மூலத்தின்படி அப்பெண்கள் அடிமைகள். தம் உடல்மீதும் உரிமையற்றவர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பலர் அவர்களைப் பணிப்பெண்கள் என்றனர். டெலமாக்கஸ் அவர்களைக் குறிக்குமிடத்தில் மூலத்தில் நிற்பது பெண்பாற் சுட்டுச்சொல்லே. அங்கே பரத்தையர் எனப் பொருள்படும் வசைச்சொல்லைப் பெய்தோரும் உளர். பணிப்பெண் விரும்பி இழைத்த துரோகம் எனக் கருதும் வாசகர் அத்தண்டனையை நீதியென ஏற்கலாம். அடிமையென அறிந்தவரோ தயங்குவர். சொல் மாறத் தீர்ப்பும் மாறுகின்றது.

ஒடிசி முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட முதற் பெண்மணி, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமிலி வில்சன். 2017இல் வெளிவந்த அவரது நூலில் அடிமை என்ற சொல் மறைக்கப்படவில்லை. வசைச்சொல் நின்ற இடத்திற் பெண்பிள்ளைகள் என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. ஆயினும் இதுவும் ஒரு பொருள்கோளே. எனவே பழையவரை விடுத்துப் புதியவரை நம்புதல் மட்டும் தீர்வாகாது. இருவரையும் மூலத்தோடு ஒப்புநோக்க வல்லோர் வேண்டும்.

அவ்வல்லமை யாருக்குரியது? செவ்வியற் கல்வியைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோர் கிரேக்கமோ இலத்தீனோ கற்றிருத்தல் வேண்டும் என்ற விதியைப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகம் 2021இல் நீக்கியது. தரம் தாழும் என்றனர் சிலர். வாயில் அகன்றது என்றனர் பிறர். பாடசாலையில் இம்மொழிகளைக் கற்கும் வாய்ப்பற்ற மாணவரைப் புறத்தே நிறுத்துதல் நீதியன்று. அவரை உள்ளே அழைத்தபின் மொழியைக் கற்பியாது விடுதலும் நீதியன்று. அவர் என்றும் பிறர் சொல்லை நம்பியே வாசிக்க நேரும். வந்தவருக்கு நெடுங்கணக்கிலிருந்து கற்பித்தலே இரு குறையும் நீக்கும் வழியாகும்.

தம் வழக்கைத் தாமே உரைக்க இயலாத மாந்தர் பண்டை நூல்கள் பலவற்றில் உளர். அவர்கள்மீது பின்னோர் ஏற்றிய சொல்லை ஆராய்ந்து பார்ப்போரை எல்லா நிலையினரிடமிருந்தும் உருவாக்குதல் பண்டைமொழி ஆசிரியரின் கடனாகும்.