முறியும் இடங்களும் ஒரு பாதிரியாரின் பதிலும்

புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீடு திரும்பும் வழியிலேயே பலர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான்: "யாருக்கு என்ன பாவம் செய்தேன்?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடியவர்களில் ஒருவர் ஜான் போல்கிங்ஹார்ன். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பேராசிரியர். 1979-இல் பதவியைத் துறந்து இறையியல் படிக்கப் போனார். 1982-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். அவர் வாதம் இது: உயிரணுக்கள் மாறக்கூடியவை என்பதால்தான் புதுப்புது உயிர்கள் தோன்றின. அதே மாற்றம்தான் சில அணுக்களைப் புற்றாக்குகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது. ஆகவே நோய் கடவுள் தரும் தண்டனை அல்ல. அவருடைய அலட்சியமும் அல்ல.

இந்த வாதத்தை உரசிப் பார்க்கக் குரோமோசோம்களின் முறிவிடங்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அஃபிடிகோலின் என்ற மருந்தைத் துளியளவு கலந்து ரத்த வெள்ளணுக்களை வளர்த்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஓரிடம் மட்டும் சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும். அதற்கு அப்பாலுள்ள துண்டு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். இப்படி முறியும் இடங்களை 1984-இல் தாமஸ் குளோவரும் சகாக்களும் காட்டினார்கள். அந்த இடத்தில் நீண்டு கிடப்பது எஃப்.எச்.ஐ.டி. மரபணு. சுமார் 15 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளம். கட்டி வளராமல் தடுப்பவற்றில் ஒன்று.

ஏன் அங்கே முறிகிறது? அணு பிரியுமுன் டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் புள்ளிகள் அந்த நீளத்தின் நடுவில் மிகக் குறைவு. இரு வரப்பிலிருந்தும் நட்டுக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கவேண்டிய அகன்ற வயல் அது. பொழுது சாய்ந்தும் நடவு முடிவதில்லை. அணு இரண்டாகப் பிரியும் வேளை வந்துவிட, நகலாகாத பகுதி இழுபட்டு முறிகிறது. புகைபிடிப்போரின் நுரையீரல் கட்டிகளில் இந்த மரபணு சிதைந்திருப்பது மற்றவர்களிடம் இருப்பதைவிட அதிகம்.

இந்த முறிவிடம் எல்லா மனிதர்களிடமும் உண்டு. சாமியாரிடமும் உண்டு, திருடனிடமும் உண்டு. எலியிலும் அதே மரபணு முறிவிடத்தில்தான் இருக்கிறது. "என்ன பாவம் செய்தேன்" என்று தன்னையே குடைந்துகொள்ளும் ஒருவருக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

முறிவு ஆக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஸ்டிக்கிள்பேக் என்பது விரல் நீள மீன். கடலில் வாழ்பவற்றுக்கு இடுப்பில் முட்கள் இருக்கும். பனியுகம் முடிந்து உருவான நன்னீர் ஏரிகளில் தங்கிவிட்ட பல கூட்டங்கள் அந்த முட்களை இழந்தன, அதுவும் தனித்தனியாக. பிட்எக்ஸ்1 மரபணுவை இடுப்பில் இயக்கும் துண்டு அவற்றில் மீண்டும் மீண்டும் அறுந்துபோயிருந்தது. அந்தத் துண்டின் டி.என்.ஏ. எளிதில் முறியும் வகை என்று 2019-இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கிங்ஸ்லி குழு காட்டியது. முறிவு எளிதாக இருந்ததால்தான் ஏரிக்கு ஏரி அதே மாற்றம் வர முடிந்தது.

மீனுக்குக் கிடைத்த மாற்றம் விந்தணு, முட்டை வழியே சந்ததிக்குப் போனது. நுரையீரலில் நேரும் முறிவோ யாருக்கும் போவதில்லை, நோயாளியோடு முடிகிறது. ஆனாலும் இரண்டிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. என்பதால், இதுவரை பாதிரியாரின் வாதம் நிற்கிறது.

அதை உண்மையில் திணறவைப்பது யானை. பழுதான அணுவை அழிக்க உதவும் டி.பி.53 மரபணு மனிதனிடம் ஒன்று; யானையிடம் அதன் பிரதிகள் சுமார் 20. புற்றுநோயால் சாகும் யானைகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மனிதர்களில் அது 11 முதல் 25 வரை. மாறக்கூடிய டி.என்.ஏ.தான் யானைக்கும். அதன் முன்னோர் பரிணாமம் அடையாமல் நின்றுவிடவில்லை. அப்படியானால் மாற்றத்துக்காக இவ்வளவு நோயைச் சுமந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஏதோ ஓரளவு முறிவு தவிர்க்க முடியாதது என்பதை போல்கிங்ஹார்ன் ஏற்கவைக்கிறார். இந்த அளவு ஏன் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, கருவிலேயே 12, 21-ஆம் குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதில் தொடங்குகிறது. இறைவனின் நீதியைப் பற்றிப் பேசுவோர் பதில் சொல்லவேண்டியது அந்தக் குழந்தையின் தாய்க்கு.